கொல்லைப்பக்கம் சுற்றிப் போனது

பசீலியாவின் இரண்டு கைகளும் மாவில் இருந்தன. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவை எலுமிச்சை அளவு கிள்ளி உருட்டி, கைமாற்றிக் கைமாற்றித் தட்டி, அடுப்பின் மேல் கிடந்த தகரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாக விடியவில்லை. பயணிகள் இருவரும் வழிகாட்டி நிக்காசியோவோடு பெரிய கோயிலின் உச்சிக்குச் சூரியன் உதிப்பதைப் பார்க்க ஏறிப் போயிருந்தார்கள். இறங்கும்போது நல்ல பசியோடு வருவார்கள். ஏறி இறங்கிப் பசித்தவர்களிடம் பேச்சுக் கொடுப்பதைவிட ரொட்டி கொடுப்பது சுலபம் என்று அவளுக்குத் தெரியும்.

லா முரால்யா என்று ஊரார் சொல்லும், காட்டுக்குள் கிடக்கும் அந்தப் பழைய நகர இடிபாடுகளுக்கு அவள் சமையல்காரியாக வராத வருஷம் இல்லை. உச்சிக்கு ஏறியது ஒரே ஒரு தடவை. "கீழேயும் மரம். அவ்வளவு மூச்சு வாங்கி மேலே போய்ப் பாத்தா அங்கேயும் மரம்தான்" என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிட்டாள்.

அவள் பிறந்ததே காட்டில்தான். சூயிங்கத்துக்கு மரப்பால் இறக்குபவர்களின் முகாமில் அவளுடைய அம்மா சமைத்தாள். மழைக்காலம் முழுக்க முகாம், வெயில் வந்தால் ஊர். பசீலியா கட்டிக்கொண்ட கிறிசாந்தோவும் மரப்பால் இறக்குபவன்தான். ஒரு நாள் உச்சாணியில் நின்று பட்டையைக் கீறும்போது அரிவாள் தவறி, தன்னைத் தாங்கியிருந்த கயிற்றையே வெட்டிவிட்டான். அப்போது மகள் ரோசெந்தா பால்குடி. அதன்பிறகு பசீலியா காட்டில் அலங்கார இலை பறித்தாள், துணி வெளுத்தாள், பயணிகள் வர ஆரம்பித்ததும் அவர்களுக்குச் சமைத்தாள். இடையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய வைத்தியப் பயிற்சிக்குப் போய் வந்தாள். புண் கழுவுவது, எலும்பு முறிந்தால் சிம்பு கட்டுவது, பிரசவம் பார்ப்பது, எதைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அதுமுதல் அகுவா துல்சே ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் வாசலில் வந்து நிற்பார்கள். அழுகிற ஜாதி இல்லை அவள். யாராவது அழுதால் போய் வெந்நீர் வைப்பாள்.

"அத்தை."

குரல் உயரவில்லை. அதனால்தான் அவள் திரும்பினாள். ரோசெந்தாவைக் கட்டிய மருமகன் ஃபெர்மின் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான். கோவேறு கழுதைகளுக்குத் தீனியாக ராமோன் மரத்தில் ஏறிக் கிளை வெட்டிப் போட்டுவிட்டு, கீழே இறங்கி இலைக்கட்டைத் தூக்கியிருக்கிறான்.

"எங்கே?"

"விரலுக்கு நடுவுல. இலைக்குள்ள படுத்திருந்திருக்கு."

"என்னது அது?"

"மஞ்சள்தாடி. பெருசு. வெட்டிப் போட்டுட்டேன்."

மஞ்சள்தாடி என்றால் அந்தக் காட்டில் வேறு கேள்வி கேட்க வேண்டியதில்லை. தொண்டை மஞ்சளான பாம்பு. அது கடித்தவர்களில் பாதிப் பேரை அவள் பார்த்திருக்கிறாள். மீதிப் பேர் பார்க்கக் கிடைக்கவில்லை.

அவனை உட்காரவைத்தாள். முழங்கைக்கு மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தான். அவிழ்க்கப் போனாள்.

"அவிழ்க்காதீங்க அத்தை, மேலே ஏறிடும்!"

"கட்டி வச்சா கை அழுகிரும். சும்மா இரு."

"எங்க அப்பா கட்டித்தான்—"

"உங்க அப்பா ஒத்தக் கையோட சுத்தினது எதனாலன்னு நினைச்சே?"

பெல்ட்டை அவிழ்த்தாள். மாவுக் கையாலேயே அவனுடைய கல்யாண மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றினாள். விரல் அதற்குள் தடித்துவிட்டது. கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கையை மடக்கிச் சிம்பு வைத்துத் துணியால் தொங்கவிட்டாள். அவ்வளவுதான். கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்ததில் இதற்கு அடுத்து ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி: உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. விஷமுறிவு மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அகுவா துல்சேயில் கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரி ஏரிக்கரையில் இருந்தது. அதற்கும் அவர்களுக்கும் இடையில் ஊர்வரை ஒரு பகல் முழுவதும் கழுதைப் பாதை, அங்கிருந்து லாரிப் பாதை.

மேலேயிருந்து இறங்கி வந்த பயணிகள் விஷயம் தெரிந்து அப்படியே நின்றார்கள். சுவீடனிலிருந்து வந்த நடுவயதுத் தம்பதி, ஊல்ஃப், பிரிட்டா. ஊல்ஃபிடம் வானத்தோடு பேசுகிற போன் ஒன்று இருந்தது. ஆபத்துக்கு ஹெலிகாப்டர் அனுப்பும் கம்பெனியைக் கூப்பிட, மரம் மறைக்காத இடம் வேண்டுமென்று மறுபடி கோயில் உச்சிக்கே ஓடினார். நிக்காசியோவும் பின்னால் ஓடினான். திரும்பி வந்தபோது இருவரும் மூச்சுவாங்கினார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் பசீலியா.

"கடிபட்டவரு இன்ஷூரன்ஸ் எடுத்த ஆளான்னு கேட்டாங்களாம், தோன்யா பசீலியா" என்றான் நிக்காசியோ. பெரிய பெண்களை மரியாதையாக அங்கே தோன்யா என்பார்கள்.

"ஆமான்னு சொல்லிட வேண்டியதுதானே."

"சொன்னாரு. தனக்கே கடிச்சிட்டதாச் சொன்னாரு. பாவம், பொய் சொல்லிப் பழக்கமே இல்ல போல, சொல்லும்போதே முகமெல்லாம் செவந்துபோச்சு. ஆனா மேகம் தரையில கெடக்கு, ஹெலிகாப்டர் வராதாம். நாளைக்குப் பாக்கலாம்னு சொல்றாங்க."

"நாளைக்கு வந்து என்ன பாக்கப் போறாங்க."

பிரிட்டா பசீலியாவின் தோளைத் தொட்டு, தெரிந்த கொஞ்ச வார்த்தையில், "நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"ரொட்டி கருகுது, அதைத் திருப்பிப் போடச் சொல்லு" என்றாள் பசீலியா நிக்காசியோவிடம். பிரிட்டா உடனே குனிந்து விரல் சுடச்சுடத் திருப்பிப் போட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நல்ல பெண்.

பயணிகளை இடிபாட்டுக் காவலர்களின் குடிசையில் விட்டார்கள். காவலர்களின் வானொலிப்பெட்டி மழை பிடித்ததிலிருந்து கொரகொரவென்று இரைவதைத் தவிர வேறு ஒன்றும் சொல்வதில்லை. இருப்பதில் அமைதியான கழுதைமேல் ஃபெர்மினை ஏற்றி, நிக்காசியோ முன்னால் கயிற்றைப் பிடிக்க, பசீலியா பக்கத்தில் அவன் தொடையைப் பிடித்தபடி நடந்தாள்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. பாதை என்று சொல்வதெல்லாம் கழுதைக் குளம்பு மிதித்த சேற்றுக்குழிகள்தான். முதலில் ஃபெர்மின் பேசிக்கொண்டுதான் வந்தான்.

"இந்தக் கழுதை செத்துட்டா நீங்க என்னைத் தூக்குவீங்களா அத்தை?"

"கழுதை செத்தா உன்னை வித்து வேற கழுதை வாங்குவேன்."

"என்ன விலைக்கு?"

"பாம்பு கடிச்ச மருமகனுக்கு என்ன விலை கிடைக்கும்? கூட நான்தான் ஏதாவது போட்டுக் குடுக்கணும்."

அவன் சிரித்தான். பல் ஈறில் ரத்தம் தெரிந்தது. பசீலியா அதைப் பார்த்தாள். கை முழங்கை வரை வீங்கி, தோல் பளபளவென்று ஆகியிருந்தது. அவள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். வாந்தி எடுத்தான், துடைத்தாள். மறுபடி கொடுத்தாள். செய்வதற்கு அதுதான் இருந்தது. நடப்பது, பிடிப்பது, துடைப்பது. இன்னும் வேகமாகப் போகலாமென்றால் கழுதை போகாது. கழுதை போனாலும் அவன் உட்கார மாட்டான்.

உச்சி சாய்ந்தபிறகு அவன் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

"அத்தை, ரோசெந்தா என்னைப் பாக்கக் கூடாது."

ரோசெந்தாவுக்கு ஏழாம் மாதம். பாம்பு கடித்தவனை வயிற்றுப்பிள்ளைக்காரி பார்த்துவிட்டால் விஷம் இரட்டித்துவிடும், பிழைக்க மாட்டான் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கடிபட்டவனைக் கொண்டுவரும்போது ஒருத்தர் முன்னால் போய்த் தகரம் அடிப்பார். சத்தம் கேட்டதும் வயிற்றோடு இருப்பவர்கள் தெருப்பக்கம் இல்லாமல் உள்ளே போய்விட வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வருபவர்களும் இதை நம்பினார்கள், கொடுக்கிறவளின் மருமகனும் நம்பினான். பயிற்சி கொடுத்த கன்னியாஸ்திரி இதைக் கேட்டுச் சிரித்தது பசீலியாவுக்கு நினைவிருந்தது. பசீலியா நம்பினாளா என்றால், இல்லை. நம்பவில்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. யாருக்கும் அதை வைத்துச் சோதனை செய்து பார்க்க அவளுக்கு மனசு வந்ததில்லை.

"நிக்காசியோ தகரம் அடிப்பான். அவ உள்ளே போயிருவா."

"போக மாட்டா. சன்னல் வழியா எட்டிப் பாப்பா. அவளை எனக்குத் தெரியாதா? லாரி நிக்கிறது நம்ம வீட்டுக்கு எதிர்ல." அவன் மூச்சு வேகவேகமாக வந்தது. "பின்பக்கமாச் சுத்திப் போலாம். அத்தை, கேக்குதா? இல்லேன்னா நான் இங்கேயே இறங்கிக்கிறேன்."

சொன்னபடியே ஒரு காலைத் தூக்கினான். நிக்காசியோ பதறிப்போய்ப் பிடித்தான்.

"தோன்யா, பின்பக்கம் மழைக்குக் குளமாக் கெடக்குமே. கழுதை உள்ள போயிரும்."

பசீலியா யோசித்தாள். நேராகப் போனால் சீக்கிரம். ஆனால் இவன் இப்படித் திமிறினால், நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டால், விஷம் இன்னும் வேகமாக ஓடும். இவனை அமைதியாக வைத்திருப்பது ஒன்றுதான் அவளால் ஆகக்கூடியது. அந்த ஒன்றையும் விட வேண்டாம் என்று பட்டது.

"நீ ரோட்டு வழியா ஓடு. தகரம் அடி. லாரிக்காரனை எழுப்பி வண்டியைத் தயாரா வை. நான் இவனைப் பின்னால கொண்டுவர்றேன்."

நிக்காசியோ ஓடினான். பசீலியா கழுதையைத் திருப்பினாள்.

பின்பக்கம் நிக்காசியோ சொன்னதைவிட மோசமாக இருந்தது. பாதி தூரத்தில் கழுதை வயிறு வரை புதைந்தது. ஃபெர்மினை இறக்கி, முள்மரம் இல்லாத ஒரு மேட்டில் சாய்த்துவிட்டு, கழுதையை அவிழ்த்து, சேணத்தைக் கழற்றி, கிளை வெட்டிக் காலுக்கடியில் போட்டு, வாலைப் பிடித்துத் தள்ளி, கழுத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சி, திட்டி, அவள் இடுப்புக்கு மேலே வரை சேறாகிவிட்டாள். தூரத்தில் தகரச் சத்தம் கேட்டது, ஓய்ந்தது. லாரி உறுமிக்கொண்டே நின்றது கேட்டது. இவ்வளவு பக்கத்தில் கேட்டும் போக முடியவில்லை. கழுதை எழுந்தபோது வெயில் மரங்களுக்குக் கீழே இறங்கியிருந்தது.

அவனை மறுபடி ஏற்றினாள். அவன் கனத்தான், கண் பாதி மூடியிருந்தது. மேட்டில் ஏறி, வாழைகளைத் தாண்டி, வீடுகளின் கொல்லைப்பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள்.

அங்கே துணி துவைக்கும் கல்லின் மேல், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் கட்டும் முன்துணியைத் தலையில் போட்டு மூடி, ரோசெந்தா உட்கார்ந்திருந்தாள். தகரம் அடித்தால் வயிற்றுப்பிள்ளைக்காரி எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே. குளம்புச் சத்தம் கேட்டுத் துணியை விலக்கினாள்.

"அம்மா? நீ ஏன் இந்தப் பக்கம்—"

அப்போதுதான் கழுதைமேல் இருப்பவனைப் பார்த்தாள். நிக்காசியோ யாரிடமும் பேர் சொல்லவில்லை. தகரம் அடித்தால் பேர் சொல்வது வழக்கமில்லை. யாரோ ஒருத்தன் என்றுதான் அவள் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். பொத்தியது பார்த்தபிறகு.

ஃபெர்மினும் அவளைப் பார்த்துவிட்டான். கத்தவில்லை. "பாத்துட்டா" என்றான், அவ்வளவுதான். தலையைக் கழுதையின் கழுத்தில் கவிழ்த்துக்கொண்டான். இவ்வளவு நேரம் இடது கையால் சேணத்தைப் பிடித்திருந்தவன் அதையும் விட்டுவிட்டான். பசீலியா தாங்காவிட்டால் விழுந்திருப்பான்.

"மாப்ள, பிடிச்சுக்க. லாரி தோ இருக்கு. பிடிடா!"

அவன் பிடிக்கவில்லை. நிக்காசியோவும் லாரிக்காரனும் ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பசீலியா பின்னாலேயே போனாள். வேலி ஓரத்தில் ரோசெந்தா கண்ணைப் பொத்தியபடியே கேட்டாள்:

"தகரம் கேட்டுச்சும்மா. ரோட்டுப் பக்கம் இருக்கக் கூடாதுன்னுதான் பின்னாடி வந்தேன். சரியாத்தானே செஞ்சேன்?"

"சரியாத்தான் செஞ்சே."

"அப்புறம் ஏன்?"

லாரியில் மகளை ஏற்ற முடியாது என்பது இருவருக்கும் தெரியும். "எதையாவது சாப்பிடு. படு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள்.

ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. இளவயது டாக்டர் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டார். பசீலியா காடு, மழை, கழுதை என்றாள். சேற்றைப் பற்றிச் சொன்னாள். எதற்காகச் சேற்றுக்குள் போனார்கள் என்று சொல்லவில்லை.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா விரல் தப்பிச்சிருக்குமா டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. ஆள் பிழைச்சிருவார்னுதான் நினைக்கிறேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கறுத்துப்போச்சு. எடுக்க வேண்டியிருக்கும். மத்ததைப் பாப்போம். அவர் ஒத்துழைக்கணும். தண்ணி குடிக்கச் சொன்னா வாயே திறக்க மாட்டேங்கிறாரே?"

ஃபெர்மின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பசீலியா கரண்டியை உதட்டில் வைத்தாள். மிரட்டினாள், நைச்சியமாகப் பேசினாள். "மருந்து வேலை செய்யுதுடா, வீக்கம் தோளுக்கு ஏறல, பாரு" என்றாள். "அவ பாத்துட்டா அத்தை. நீங்களும்தானே இருந்தீங்க" என்றான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்திருக்கிற அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலுக்கு ஈரத்துணி இருக்கிறது. இதற்கு என்ன போடுவது?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ரோசெந்தா வந்து இறங்கினாள். ராத்திரி தூங்கியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். வார்டு வாசலுக்கு வெளியிலேயே, சுவரோடு ஒட்டி நின்றாள்.

"உள்ளே வா" என்றாள் பசீலியா.

"வேண்டாம்மா. நான் மறுபடி பாத்தா?"

அதற்குள் பக்கத்துக் கட்டிலருகிலிருந்து ஒரு கிழவி எழுந்து வந்துவிட்டாள். அவள் மகனுக்கும் பாம்புக்கடி, காலில். "யாரு இந்தப் பொண்ணு வயித்தோட? வெளிய போகச் சொல்லு! எம் புள்ள இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கான்."

"போகல. இங்கேயேதான் நிப்பா. நீங்க போய் உக்காருங்க."

"உக்காருறதா? கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவேன்!"

"தள்ளுங்க. ஏழாம் மாசம். பிரசவம் நீங்கதான் பாக்கணும்."

சத்தம் கேட்டு நர்ஸ் வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்துப் பசீலியாவிடம் நீட்டினாள். அதன் நான்கு மூலையிலும் கயிறு தைத்திருந்தது. சுவரில் ஆணியும் அடித்திருந்தது.

பசீலியா அதை வாங்கிக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால், படித்தவளே இதற்குத் துணைபோவதா என்று அந்த நர்ஸை ஒரு வாங்கு வாங்கியிருப்பாள். இப்போது நாற்காலியை இழுத்து, மேலே ஏறி, சேறு காய்ந்த பாவாடையோடு நின்று போர்வையைக் கட்டினாள். கட்டில்களுக்கும் வாசலுக்கும் நடுவில் அது தரைவரை தொங்கியது. கிழவி வந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்து, இடைவெளி இல்லை என்று தெரிந்தபிறகு முணுமுணுத்துக்கொண்டே தன் மகனிடம் போனாள்.

ரோசெந்தாவைப் போர்வைக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் உட்காரவைத்தாள். கஞ்சியை ஆற்றிக் கரண்டியை அவள் கையில் கொடுத்து, அந்தக் கையை மட்டும் போர்வையின் ஓரம் வழியாக உள்ளே இழுத்தாள்.

"அவனா?" என்றாள் ரோசெந்தா அந்தப் பக்கமிருந்து, மெதுவாக.

"அவன்தான். கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கீழே."

ஃபெர்மின் சுவரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தான். கரண்டி கன்னத்தில் முட்டியது, கஞ்சி கழுத்தில் வழிந்தது. பசீலியா துடைத்தாள். கரண்டி திரும்பிப் போய் நிரம்பி வந்தது. இந்தத் தடவை உதட்டில் பட்டது. கரண்டி அங்கேயே காத்து நின்றது. அது யார் கை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தான். முழுதாக இல்லை, கரண்டி நுழையும் அளவுக்கு.

"சாப்பிடுறானாம்மா?"

"ஒரு வாய் போச்சு. பேசாம ஊட்டு."

டாக்டர் விரல்களைப் பார்க்க வந்தார். போர்வையைப் பார்த்தார், பிறகு பசீலியாவைப் பார்த்தார். பசீலியா அவருக்கு வழிவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, போர்வை விலகாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.